வளவில் வழுக்கி விழுந்து கரண்டை முறிவு: ஆபரேஷனா, கட்டா?

வளவுவாசி | டிசம்பர் 2, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது சென்னையில். பள்ளத்தூர் வீட்டில் ஆத்தாவும் (என் அம்மா) துணைக்கு ஒரு அம்மாவும்தான். பிள்ளையார் நோன்பு வருகிறதே என்று இன்று காலை வீடு முழுக்கக் கழுவிவிட்டிருக்கிறார்கள். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஆத்தங்குடிக் கல் காய்வதற்குள் ஆத்தா காபி டம்ளரோடு வளவில் (உள்முற்றத்தில்) இறங்கிவிட்டார். வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி, கரண்டைக்கால் (கணுக்கால்) ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமுமாக நின்றதாம். டம்ளர் மட்டும் கையை விட்டு விழவில்லை என்று துணைக்கு இருந்த அம்மா இப்போதும் ஆச்சரியப்படுகிறார்.

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. வலிக்கு ஊசி போட்டு, பாதத்தை இழுத்து நேராக்கி, பின்பக்கம் மட்டும் மாவுக்கட்டு வைத்திருக்கிறார்கள். மூன்று இடத்தில் முறிவு, 'டிரைமேலியோலார்', ஆபரேஷன் வேண்டும், ஆனால் வீக்கம் வடிந்த பிறகுதான் என்கிறார்கள். ஒரு வாரம் பத்து நாள் ஆகலாமாம்.

ஆத்தாவுக்கு 64 வயது. பதினோரு வருஷமாக சுகர். பெரியப்பச்சி (பெரியப்பா) போனில், 'கத்தியே வைக்காதே, சுகர் காலில் கத்தி வைத்தால் ஆறாது, எலும்புக்குக் கட்டுப் போடுகிற நாட்டு வைத்தியர், கட்டுக்காரரிடம் கொண்டுபோ' என்று ஒரே பிடியாக இருக்கிறார்.

என் கேள்வி இரண்டு. ஆபரேஷன் உண்மையிலேயே வேண்டுமா? வேண்டுமென்றால் எதற்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டும், பில் ஏற்றவா?

கோட்டையூர்க் குசும்பன் | டிசம்பர் 2, இரவு 10.05

அடடா. ஆத்தாவுக்கு வலி குறைந்திருக்கிறதா அண்ணே? ஆத்தங்குடிக் கல் காய்ந்திருந்தால் கண்ணாடி, நனைந்தால் எண்ணெய். எங்கள் வீட்டில் கழுவுகிற அன்று வளவு ஓரமாகச் சாக்கு விரித்துவிடுவோம். இப்போது சொல்லி என்ன.

ரங்கூன் பெட்டி | டிசம்பர் 2, இரவு 10.30

பெரியப்பச்சி சொல்வதைக் கேளுங்கள் தம்பி. எங்கள் ஐயா எழுபது வயதில் திண்ணைப் படியில் கால் மடங்கி விழுந்தார். கட்டுக்காரர் வந்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்த மாவும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று கட்டு மாற்றினார், அவ்வளவுதான். அடுத்த தைப்பூசத்துக்குக் காவடியோடு பழநிக்கு நடந்தார். இன்றைக்கு எல்லாவற்றுக்கும் பிளேட், எல்லாவற்றுக்கும் ஸ்குரு.

படப்பெட்டி | டிசம்பர் 2, இரவு 11.10

எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருபது வருஷமாக இருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்லலாம்.

கரண்டைக்கு மூன்று படம் எடுக்க வேண்டும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மூன்றாவதற்குக் காலை 15, 20 டிகிரி உள்பக்கம் திருப்பி வைத்து எடுப்போம். 'மார்ட்டிஸ் வியூ' என்பார்கள். நேர்ப்படத்தில் சின்ன எலும்பு பெரிய எலும்பின்மேல் ஏறி விழுந்து மூட்டின் ஒரு ஓரத்தை மறைத்துவிடும். கொஞ்சம் திருப்பினால்தான் மூட்டைச் சுற்றி இருக்கிற சந்து முழுவதும் ஒரே அளவாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். உள்பக்கச் சந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் எங்கள் டாக்டர் முகம் மாறிவிடும்.

இன்னொன்று. உள்பக்கம் விரிந்திருக்கிறது, வெளிக் கரண்டையில் முறிவே இல்லை என்றால் முழங்கால் வரைக்கும் படம் எடுத்தே ஆக வேண்டும். முறுக்கிய வேகம் மேலே ஏறிச் சின்ன எலும்பை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே உடைத்திருக்கும். 1840-இல் மெசொன்னவ் என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதி வைத்த முறிவு அது. கரண்டையை மட்டும் படம் எடுத்துவிட்டு 'வெறும் சுளுக்கு' என்று வீட்டுக்கு அனுப்பிய கேஸ்கள் எனக்கே தெரியும்.

ரங்கூன் பெட்டி ஐயா, உங்கள் ஐயாவுக்குப் படம் எடுத்தீர்களா?

ரங்கூன் பெட்டி | டிசம்பர் 2, இரவு 11.25

அப்போது ஏது படம்.

எலும்பொட்டி | டிசம்பர் 3, காலை 6.15

தேவகோட்டைப் பக்கம் எலும்பு மருத்துவம் பார்க்கிறேன். ஆத்தாவின் படத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பேசுகிறேன்.

கரண்டை மூட்டை ஒரு வீட்டு நிலைபோல நினைத்துக்கொள்ளுங்கள். காலின் பெரிய எலும்பு மேலே உத்தரமாகவும், கீழே இறங்கி உள் கரண்டையாகவும் நிற்கிறது. சின்ன எலும்பு வெளிக் கரண்டை. இந்த இரண்டு தூணுக்கு நடுவே பாதத்தின் மேல் எலும்பு, டாலஸ், கச்சிதமாக உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுகிறது. பெரிய எலும்பின் பின் உதட்டைத்தான் பின் கரண்டை என்கிறோம். ஆத்தாவுக்கு மூன்றும் போயிருக்கிறது.

ஆபரேஷனா இல்லையா என்பதற்கு எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. டாலஸ் தன் இடத்தில் நிற்கிறதா, நிற்குமா என்பதுதான் கேள்வி. வெளிக் கரண்டை மட்டும் உடைந்து, உள்பக்கத் தசைநார் முழுசாக இருந்தால் டாலஸ் அசையாது. அதற்குக் கத்தியே வேண்டாம், பூட்ஸோ மாவுக்கட்டோ போட்டு நடக்கவே விடலாம். ரங்கூன் பெட்டி ஐயாவின் ஐயாவுக்கு அந்த வகையாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். அப்படிப்பட்ட முறிவு வெள்ளைக்கரு போட்டாலும் சேரும், போடாவிட்டாலும் சேரும். காவடி அவர் எடுத்ததுதான், பெயர் கட்டுக்காரருக்கு.

வெளிக் கரண்டை எந்த மட்டத்தில் உடைந்தது என்று வெபர் ஏ, பி, சி என்று பிரிப்போம். மூட்டுக்குக் கீழே ஏ, பெரும்பாலும் தொல்லையில்லை. மூட்டுக்கு மேலே சி, இரண்டு எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் தசைநாரும் கிழிந்திருக்கும், பெரும்பாலும் ஆபரேஷன். மூட்டு மட்டத்தில் நடக்கிற பி-தான் ஆளைக் குழப்புவது. படுக்க வைத்து எடுத்த படத்தில் நன்றாக இருக்கும், நின்றால் விலகும். அதனால் சந்தேகமான பி-க்கு ஒரு வாரம் கழித்து நிற்க வைத்து ஒரு படம் எடுக்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. நின்றும் விலகவில்லையா, கத்தி வேண்டாம்.

ஆத்தாவுடையது இந்த விவாதத்துக்குள்ளேயே வராது. பாதம் ஒரு பக்கம் போய் நின்றது என்றால் டாலஸ் மூட்டை விட்டே வெளியே வந்திருக்கிறது. இழுத்து வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் தாங்கிப் பிடிக்கத் தூண் எதுவும் இல்லை. டாலஸ் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே மூட்டில் எலும்பும் எலும்பும் தொடுகிற பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976-இல் ராம்ஸியும் ஹாமில்டனும் அளந்து காட்டினார்கள். மிச்சம் இருக்கிற கொஞ்ச இடத்தில் முழு எடையும் விழுந்தால் சில வருஷத்தில் மூட்டுத் தேய்ந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு நேர்ப் பதில்: பில்லுக்காக இல்லை. கரண்டையில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை கிடையாது. வீங்கிய தோலைக் கீறினால் தையல் போடும்போது விளிம்பு சேராது. சேர்ந்தாலும் கருகும், பிளேட் வெளியே தெரியும். விழுந்த சில மணி நேரத்துக்குள், வீக்கம் ஏறுமுன் செய்தால் உண்டு. இல்லையென்றால் தோல் சுருங்கிக் கோடு கோடாகச் சுருக்கம் விழுகிற வரை பொறுக்க வேண்டும். நாள் குறிப்பது தோல், டாக்டர் இல்லை.

நீங்கள் இன்று கேட்க வேண்டியவை: இழுத்து வைத்த பிறகு மறுபடி படம் எடுத்தார்களா? பாதத்தில் நாடி பார்த்து எழுதினார்களா? விரல் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா? பின் கரண்டைத் துண்டுக்கு சிடி ஸ்கேன் எடுக்கப் போகிறார்களா? மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) எவ்வளவு? பெரியப்பச்சியிடம் சண்டை போடாதீர்கள். 'வீக்கம் வடியட்டும், பிறகு முடிவு செய்யலாம்' என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.

நிலைக்கதவு | டிசம்பர் 3, காலை 8.00

டாக்டர் ஐயா நிலை என்றதும் வந்துவிட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் வியாபாரம் எனக்கு. ஆசாரிகள் ஒரு மரத்தில் துளை போட்டு, இன்னொன்றின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி அதில் இறக்குவார்கள். அந்தத் துளையில் நூலளவு இடம் விட்டால் போதும், கதவின் கனத்தில் பத்து வருஷத்தில் நிலையே அகன்றுவிடும். பர்மாத் தேக்குக்கே அப்படி.

எலும்பொட்டி | டிசம்பர் 3, காலை 8.20

ஐயா, அந்தத் துளைக்கு ஆங்கிலத்தில் தச்சர்கள் வைத்திருக்கிற பெயர்தான் மார்ட்டிஸ். படப்பெட்டி மேலே சொன்ன படத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததே.

கதவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கரண்டை முறிவை இன்றும் சில பெரியவர்கள் 'பாட்ஸ் ஃபிராக்சர்' என்பார்கள். பெர்சிவல் பாட் லண்டனில் பெரிய அறுவை மருத்துவர். 1756-இல் குதிரையிலிருந்து விழுந்து கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கண்டபடி தூக்கினால் கெட்டுவிடும் என்று தெரிந்த மனிதர், ஆள் அனுப்பி ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் படுத்துக்கொண்டு வீட்டுக்குத் தூக்கி வரச் செய்தார். காலை வெட்டத் தயாராக இருந்தவர்களிடமிருந்து கடைசி நேரத்தில் தப்பினார். வேடிக்கை என்னவென்றால் அவருக்கு உடைந்தது கரண்டையே இல்லை, அதற்கு மேலே.

நிலைக்கதவு | டிசம்பர் 3, காலை 8.31

என்ன விலைக்கு வாங்கினாராம்?

பட்டாலை | டிசம்பர் 3, மதியம் 2.10

தம்பி வளவுவாசி, நான் வயதில் உங்கள் ஆச்சி மாதிரி. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கும் சுகர். ஆறு வருஷம் முன்பு வண்டியிலிருந்து சரிந்து இடது கரண்டை முறிந்தது. ஆபரேஷன் என்றதும் பயந்து இரவோடு இரவாகக் கையெழுத்துப் போட்டு அழைத்துவந்து, வெளியூரில் ஒருவரிடம் கட்டுப் போட்டோம். இறுக்கமாகத்தான் கட்டினார். இவருக்கோ வலியே இல்லை. 'பார்த்தாயா, கைராசி' என்று நானே பெருமை பேசினேன். சுகரில் கால் மரத்துப்போனவருக்கு வலி எப்படித் தெரியும்? அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஒன்பதாம் நாள் கட்டு மாற்றும்போது உள் கரண்டையில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. மறுநாள் அதிலிருந்து நீர். மதுரைக்குப் போனோம். புண் ஆறவே மூன்று மாதம், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் பாதத்தின் ஓரத்தில்தான் நடக்கிறார், செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது.

கட்டுக்காரரைக் குறை சொல்லவில்லை, கூட்டிப்போனது நாங்கள்தான்.

கோட்டையூர்க் குசும்பன் | டிசம்பர் 3, மதியம் 2.40

முட்டை வெள்ளைக்கருவைச் சுவர்ப் பூச்சுக்கு விட்டுவிடலாம். அங்கேதான் நூறு வருஷம் நிற்கிறது.

ரங்கூன் பெட்டி | டிசம்பர் 3, மாலை 6.00

சிரியுங்கள். ஆனால் என் மகன் ஒன்று அனுப்பினான். 2016-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பிரிட்டனில் அறுபது வயது தாண்டிய 620 பேருக்கு, அதுவும் நிலையில்லாத கரண்டை முறிவுக்கு, பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு மாவுக்கட்டு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் நடந்தார்களாம். டாக்டர் ஐயா என்ன சொல்கிறார்?

எலும்பொட்டி | டிசம்பர் 3, இரவு 9.30

நல்ல கேள்வி. மகனுக்கு என் பாராட்டு. அந்த ஆய்வு உண்மை, நானே மேற்கோள் காட்டுவேன். ஆபரேஷன் செய்தவர்களில் 10 சதவீதம் பேருக்குப் புண் பிரச்சினை, மாவுக்கட்டில் 1 சதவீதம். இது உங்கள் பக்கத்துக்கு வலு. மறுபக்கமும் பாருங்கள்: மாவுக்கட்டில் எலும்பு கோணலாகச் சேர்ந்தது 15 சதவீதம், ஆபரேஷனில் 3. மாவுக்கட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிறகு ஆபரேஷன் செய்ய வேண்டிவந்தது.

அந்த மாவுக்கட்டும் நாம் நினைக்கிற கட்டு இல்லை. தியேட்டரில் மயக்கம் கொடுத்து, எலும்பைச் சரியாக உட்கார வைத்து, பஞ்சு அதிகம் வைக்காமல் காலின் வடிவத்துக்கே அச்சு எடுத்ததுபோல் போட்டு, தொடர்ந்து படம் எடுத்துக் கண்காணித்தார்கள். கை பழகியவர்கள் வேண்டும். எலும்பு தாங்காத அளவுக்கு மெலிந்தவர், தோல் படுமோசமானவர், படுத்த படுக்கையாக இருப்பவர், இவர்களுக்கு நானும் அதைத்தான் யோசிப்பேன். அறுபதைத் தாண்டினாலே கத்தி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆத்தா தானாக நடமாடி வீட்டைக் கட்டி ஆண்டவர், மூட்டு முழுதாக விலகியிருக்கிறது, சுகரால் மரத்த காலாகவும் இருக்கலாம். மரத்த காலில் நிலையில்லாத முறிவைக் கட்டை நம்பி விட்டால் அது மாவுக்குள்ளேயே நொறுங்கும். சுகர்க் காலில் கத்தி வைப்பதில் ஆபத்து உண்டு, வைக்காமல் விடுவதில் பல சமயம் அதைவிட ஆபத்து.

வளவுவாசி | டிசம்பர் 5, காலை 7.00

நேற்று ஊருக்கு வந்துவிட்டேன். எல்லாம் கேட்டேன். இழுத்த பிறகு படம் எடுத்திருக்கிறார்கள், டாலஸ் உள்ளே இருக்கிறது. நாடி எழுதியிருக்கிறது. சிடி எடுத்தாயிற்று. சுகர் சராசரி 8.4. டாக்டர் ஒரு நைலான் நூல்மாதிரி ஒன்றை வைத்துப் பாதத்தில் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பெருவிரல் அடியில் நாலு தடவையில் இரண்டு தடவை ஆத்தாவுக்குத் தெரியவில்லை. 'தெரியுது தெரியுது' என்று சும்மாவே சொல்லிக்கொண்டிருந்தார், கண்ணை மூடச் சொன்னதும் அகப்பட்டுக்கொண்டார்.

புதுத் தலைவலி: வெளிக் கரண்டைக்கு மேலே கொப்புளம். ஒன்று தண்ணீர் மாதிரி, ஒன்று ரத்தக் கலர். நர்ஸ் தொடாதே என்றார். மாவு சுட்டுவிட்டதோ?

எலும்பொட்டி | டிசம்பர் 5, காலை 7.40

மாவு சுட்டது இல்லை. உள்ளே வீக்கம் தோலின் அடுக்குகளைப் பிரிப்பதால் வருகிறது. தண்ணீர்க் கொப்புளம் மேலோட்டம். ரத்தக் கொப்புளம் ஆழமானது, அது ஆறி மேல்தோல் மூடுகிற வரை அந்த இடத்தில் கீறல் போடக் கூடாது. உடைக்காதீர்கள். காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். ஒரு தலையணை போதாது, மடித்த மெத்தை வையுங்கள். விரலை அடிக்கடி ஆட்டச் சொல்லுங்கள். விரல் நீலமானாலோ, மாவு நெரிக்கிறது என்றாலோ இரவு இரண்டு மணி ஆனாலும் நர்ஸை எழுப்புங்கள். படுக்கையில் இருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ உண்டா என்றும் கேளுங்கள்.

நைலான் நூல் 10 கிராம் அழுத்தத்துக்கு வளைகிற மாதிரி செய்தது. அது தெரியாத கால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது. நான் பயந்தது சரிதான்.

பட்டாலை | டிசம்பர் 5, காலை 9.15

ஆத்தா மனசு விடாமல் இருக்கட்டும். நோன்புக்கு இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி) எடுக்க முடியாதே என்று வருத்தப்படுவார். படுக்கையிலேயே ஒரு இழை எடுத்துக்கொடுங்கள் தம்பி.

வளவுவாசி | டிசம்பர் 12, இரவு 8.00

நேற்று ஆபரேஷன் முடிந்தது. ஒன்பதாம் நாள் காலை டாக்டர் விரலால் தோலைக் கூட்டிப் பார்த்தார். சுருக்கம் விழுந்தது, 'நாளைக்கு முதல் கேஸ்' என்றார். முதுகில் ஊசி போட்டார்கள், ஆத்தா விழித்தே இருந்தார். குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். 'ஆசாரி வேலை மாதிரி சத்தம் கேட்டது, டிரில் போட்டார்கள்' என்கிறார்.

பெரியப்பச்சி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு ஸ்குருவாக எண்ணினார். பதினொன்று.

டாக்டர் ஐயா, வெளிக் கரண்டையிலிருந்து பெரிய எலும்புக்குள் குறுக்கே போகிற இரண்டு நீள ஸ்குரு இருக்கிறது. அது எதற்கு? குப்புறப் படுக்க வைத்தது ஏன்?

எலும்பொட்டி | டிசம்பர் 12, இரவு 10.10

மகிழ்ச்சி. குப்புறப் படுக்க வைத்தால் கணுவின் பின்பக்கம் வெளி ஓரத்தில் ஒரே கீறலில் பின் கரண்டைத் துண்டையும் சின்ன எலும்பையும் பார்த்துப் பொருத்தலாம். உள் கரண்டைக்குத் தனிக் கீறல், அங்கே வழக்கமாக 4 மில்லிமீட்டர் ஸ்குரு இரண்டு. சின்ன எலும்பின் நீளம்தான் முக்கியம். அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டையாகச் சேர்ந்தாலும் டாலஸ் வெளியே சாயும். தூண் குட்டையானால் உத்தரம் சாய்வதுபோல.

பின் கரண்டைத் துண்டு மூட்டில் கால்வாசிக்கு மேல் இருந்தால் மட்டும் ஸ்குரு போடு என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். இப்போது அளவை மட்டும் பார்ப்பதில்லை. இரண்டு எலும்பையும் சேர்க்கிற பின் தசைநார் அந்தத் துண்டில்தான் ஒட்டியிருக்கிறது. துண்டை உட்கார வைத்தால் தசைநாரும் தன் இடத்துக்கு வந்துவிடும். எனக்கு இந்த மாற்றத்தை ஏற்க இரண்டு மூன்று வருஷம் ஆனது. ஏற்றபின் படங்கள் நன்றாகவே வருகின்றன.

எல்லாம் பொருத்திய பிறகு சின்ன எலும்பை ஒரு கொக்கியால் வெளியே இழுத்து, தியேட்டர் எக்ஸ்ரேயில் பார்ப்போம். விலகினால் குறுக்கு ஸ்குரு, அல்லது இரண்டு பக்கமும் பட்டன் வைத்த கயிறு. ஆத்தாவுக்கு விலகியிருக்கலாம். விலகாமலேகூட, மரத்த சுகர்க் காலுக்குக் கூடுதல் முட்டுக் கொடுக்கத்தான் அப்படிச் சிலர் போடுவோம். நடக்க ஆரம்பித்த பிறகு குறுக்கு ஸ்குரு தளரலாம், முறியக்கூடச் செய்யலாம். படத்தில் அதைப் பார்த்துப் பதறாதீர்கள். தொல்லை தராவிட்டால் எடுக்கவே வேண்டியதில்லை.

படப்பெட்டி | டிசம்பர் 12, இரவு 10.25

பெரியப்பச்சியை எங்கள் டிபார்ட்மெண்டுக்கு அனுப்புங்கள், வேலை தருகிறோம்.

இயன்முறை | டிசம்பர் 27, மாலை 5.30

காரைக்குடியில் பிசியோ பார்க்கிறேன். இந்த விவாத இழையை இன்றுதான் பார்த்தேன். தையல் பிரித்தாயிற்றா?

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கால் ஊன்றவே கூடாது என்பதுதான் பழைய பாடம். 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வில் 480 பேரில் பாதிப் பேரை இரண்டாம் வாரத்திலேயே ஊன்றி நடக்க விட்டார்கள். ஆறு வாரம் காத்தவர்களைவிட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதனால் இளம் வயது ஆட்களை இப்போது சீக்கிரமே நடக்கவைக்கிறோம்.

வளவுவாசி | டிசம்பர் 27, மாலை 6.00

நேற்றுத்தான் பிரித்தார்கள், ஒன்று விட்டு ஒன்று. மீதி அடுத்த வாரம். அப்போ ஆத்தாவையும் நடக்கவிடலாமா? எங்கள் டாக்டர் பத்து வாரம் தரையில் வைக்கவே கூடாது என்கிறார். ஆத்தா என்னைக் கரித்துக்கொட்டுகிறார்.

இயன்முறை | டிசம்பர் 27, மாலை 6.20

கூடாது அண்ணே, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். காலில் உணர்ச்சி குறைந்தவர்களை அந்த ஆய்விலேயே சேர்க்கவில்லை. சுகரில் மரத்த காலுக்கு எல்லாமே ஏறக்குறைய இரட்டிப்பு: முட்டும் இரட்டிப்பு, காத்திருப்பும் இரட்டிப்பு. உங்கள் டாக்டர் சொல்லே சரி.

ஆனால் படுத்தே இருக்க வேண்டாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தொடையை இறுக்கி விடுவது, முழங்காலை நீட்டி மடக்குவது, நல்ல காலுக்கும் கைக்கும் பயிற்சி. வாக்கரில் ஒற்றைக் காலில் தாவுவது 64 வயதில் ஆபத்து, வீல்சேர்தான் நல்லது. உங்கள் வீட்டில் முகப்புக்கும் பட்டாலைத் திண்ணைக்கும் நடுவே எத்தனை படி?

வளவுவாசி | டிசம்பர் 27, மாலை 6.35

படியா? வாசலிலிருந்து இரண்டாம் கட்டுக்குள் ஏறி இறங்க ஒன்பது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வாசற்படி வேறு. இந்த வீட்டைக் கட்டியவர்கள் யாரும் வீல்சேரை நினைத்துப் பார்க்கவில்லை.

நிலைக்கதவு | டிசம்பர் 27, இரவு 7.10

தம்பி, என்னிடம் பழைய பலகை கிடக்கிறது. சரிவாக வெட்டி ஐந்தாறு செய்து அனுப்புகிறேன். காசு வேண்டாம். வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் ஒட்டச் சொல்லிவிடுகிறேன்.

கோட்டையூர்க் குசும்பன் | ஜனவரி 18, காலை 9.00

இப்போது என் முறை. நேற்று சிராவயல் மஞ்சுவிரட்டு பார்க்கப் போனேன். மாடு என்னைத் தொடவில்லை, மாட்டைப் பார்த்துத் திரும்பி ஓடும்போது வரப்பில் கால் மடங்கியது. வெளிக் கரண்டைக்கு முன்னால் உருண்டையாக வீக்கம். வலியோடு கார் வரைக்கும் நடந்து வந்தேன். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, ஐஸ் வைத்தால் போதுமா?

படப்பெட்டி | ஜனவரி 18, காலை 9.20

இதற்கு ஒட்டாவா விதி என்று ஒன்று உண்டு, 1992-இல் கனடாவில் வகுத்தது. விழுந்த உடனேயும் டாக்டரிடம் வந்தபோதும் நாலு எட்டு வைக்க முடிகிறதா? நொண்டினாலும் கணக்கு. அப்புறம் கரண்டை எலும்பின் பின் ஓரத்தை நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் வரை அமுக்கிப் பாருங்கள், உள்ளும் வெளியும். முன்பக்கத்து வீக்கத்தை அமுக்கி 'ஆ' என்று கத்துவது கணக்கில்லை, அது தசைநார். எலும்பில் வலி இல்லை, நடக்கவும் முடிகிறது என்றால் கரண்டைக்குப் படம் வேண்டாம். பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரலிலிருந்து பின்னால் வந்தால் துருத்திய ஒரு எலும்பு, உள்பக்க வளைவின் மேலே ஒன்று, இவற்றையும் அமுக்குங்கள். அங்கே வலித்தால் பாதத்துக்குப் படம்.

சுகரில் கால் மரத்தவர், மப்பில் இருப்பவர், இவர்களுக்கு இந்த விதி செல்லாது. நீங்கள் இரண்டாவது வகையில் வரமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கோட்டையூர்க் குசும்பன் | ஜனவரி 18, காலை 9.50

நேற்று வந்திருப்பேன், இன்று இல்லை. அமுக்கிப் பார்த்தேன், எலும்பில் வலி இல்லை. ஐஸ்.

ரங்கூன் பெட்டி | பிப்ரவரி 3, காலை 11.00

தம்பி, ஆத்தா எப்படி இருக்கிறார்? பழநிக்கு நடக்கிற கூட்டத்தைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

வளவுவாசி | மார்ச் 29, மாலை 4.15

பதில் போட நாளாகிவிட்டது, மன்னியுங்கள் ஐயா.

பத்தாவது வாரம் படம் எடுத்தார்கள், எலும்பு சேர்ந்திருக்கிறது. பூட்ஸ் போட்டு முதலில் கால்வாசி எடை. ஆத்தாவுக்குக் கால்வாசி என்றால் என்னவென்று புரியவில்லை. இயன்முறை தம்பி வீட்டுக்கே வந்து, எடை பார்க்கிற மிஷினை வைத்து, முள் பதினைந்தைத் தாண்டக் கூடாது என்று பழக்கினார். போன வாரம் பூட்ஸைக் கழற்றியாயிற்று. குறுக்கு ஸ்குரு ஒன்று படத்தில் முறிந்திருக்கிறது. டாக்டர் ஐயா முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. பெரியப்பச்சிதான் பதறினார்.

மாலையானால் கரண்டை இன்னும் வீங்குகிறது. ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார்கள். தரையில் சம்மணமிட முடியவில்லை. நேற்று வளவைச் சுற்றி இரண்டு நடை போனார், ஒரு கை தூணில், ஒரு கை என் தோளில்.

வாக்கர், வீல்சேர், கட்டிலுக்கு அருகே வைக்கிற கழிப்பறை நாற்காலி மூன்றும் சும்மா கிடக்கின்றன. நிலைக்கதவு ஐயாவின் சரிவுப் பலகை ஆறும் உண்டு. காரைக்குடி சுற்று வட்டாரத்தில் யாருக்காவது வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம்.

கோட்டையூர்க் குசும்பன் | மார்ச் 29, மாலை 4.50

எங்கள் அயித்தைக்கு வேண்டும் அண்ணே. முந்தாநாள் விழுந்தார், இடுப்பு. அவரும் வளவில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி எடுத்து வருகிறேன். வீடு கழுவுகிற நாள் இல்லையே?